யூத வெறுப்பும் பல்கலைக்கழகமும்: ஒரு மறுப்பு

யூத வெறுப்பு என்பது கல்வியறிவற்ற பாமரரின் நோய் என்றும், கல்வியே அதற்கு மருந்து என்றும், ஆகவே பல்கலைக்கழகம் அந்நோய் அணுகாத இடம் என்றும் ஒரு நம்பிக்கை நம்மிடையே நிலவுகின்றது. இதனை வாதித்து நிறுவ வேண்டிய தேவை இருப்பதாக எவரும் கருதியதில்லை. 2023 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் யூத வெறுப்புப் பற்றி எழுந்த பெருஞ் சர்ச்சை நம் செய்தித்தாள்களை எட்டியபோது, நம்மவர் பலர் அதனை இரண்டு வசனங்களில் தீர்த்துக்கொண்டனர். "பல்கலைக்கழகத்தில் யூத வெறுப்பாவது! பலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுப்போரின் வாயை அடைக்கச் சியோனிஸ்டுகள் கட்டிய கதை அது" என்பது ஒன்று. "அது வெள்ளையர் வீட்டுச் சச்சரவு, நமக்கென்ன?" என்பது மற்றையது. இவ்விரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதற் கூற்றில் ஒரு பகுதி உண்மை உண்டு. அப்பகுதி உண்மையே அதனை ஆபத்துடையதாக்குகின்றது என்பதைப் பின்னர் காட்டுவேன்.

வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1879 ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் யூதரைப் பற்றிய கொடிய விவாதமொன்று மூண்டது. அதற்கு மதிப்பும் மரியாதையும் தேடிக்கொடுத்தவர் தெருமுனைப் பேச்சாளர் எவருமல்லர். பேர்லின் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர் ஹைன்றிஷ் ஃபொன் ட்ரைட்ஷ்கே. யூதரே எமது துரதிர்ஷ்டம் என்ற பொருள்பட அவர் அவ்வாண்டு நவம்பரில் ஓர் ஆய்விதழில் எழுதிய தொடர், ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின் 'டெர் ஸ்ட்யூர்மர்' என்னும் நாசிப் பத்திரிகையின் முகப்பு வாசகமாயிற்று. அதே பல்கலைக்கழகத்தில் உரோம வரலாற்று மேதையான தியோடர் மொம்சன் 1880 இல் அவரை எதிர்த்து எழுதினார். மொம்சனின் மறுப்பு இன்றும் படிக்கப்படுகின்றது. ஆயின் அன்றைய மாணவர் பெருங்கூட்டம் ட்ரைட்ஷ்கேயின் விரிவுரை மண்டபத்தையே நாடிற்று. யூதரை அதிகாரப் பதவிகளினின்றும் விலக்கவேண்டும் என்று அரசாங்கத்தைக் கோரிய மனுவுக்கு மாணவரே வளாகங்களில் கையொப்பம் திரட்டினர்.

இம்மரபின் அறுவடை எப்போது வந்தது என்பதையும் கவனித்தல் வேண்டும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933 சனவரியில். ஜேர்மன் மாணவர் ஒன்றியத்தின் தலைமை நாசி மாணவர் கைக்குப் போனதோ 1931 யூலையில். நாடு வீழ்வதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்னரே மாணவர் ஒன்றியம் வீழ்ந்துவிட்டது. 1933 மே 10 ஆம் நாள் இரவு பேர்லினிலும் வேறு பல பல்கலைக்கழக நகரங்களிலும் நூல்கள் தீயிலிடப்பட்டமை யாவரும் அறிந்ததே. அதனைச் சீருடைக் காடையரின் செயல் என்று எண்ணுவோர் இன்றும் உளர். ஒழுங்குசெய்தது மாணவர் ஒன்றியம். பேர்லினில் தீ மூட்டப்பட்ட சதுக்கம் பல்கலைக்கழகத்துக்கு எதிரிலேயே உள்ளது. பட்டமளிப்பு அங்கியோடு வந்து நின்ற பேராசிரியரும் இருந்தனர்.

கேற்றிங்கன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஃபிராங்க் 1925 ஆம் ஆண்டுக்குரிய பௌதிகவியல் நொபெல் பரிசு பெற்றவர், யூதர். முதலாம் உலகப் போரிற் களங்கண்டவர் என்பதால் 1933 ஏப்பிரிற் பதவிநீக்கச் சட்டம் அவரைத் தொடவில்லை. எனினும் தம்மினத்தார்க்கு இழைக்கப்பட்டதைக் கண்டித்து அவர் தாமாகவே பதவி துறந்தார். அவருடைய பல்கலைக்கழக ஆசிரியர் 42 பேர் உடனே ஒரு கடிதத்திற் கையொப்பமிட்டனர். அது அவரைப் போகவிடாது தடுக்கும் கடிதமன்று; அவரது பதவி துறப்பு நாட்டுக்கு எதிரான நாசவேலை என்று கண்டிக்கும் கடிதம். கையொப்பமிட்டோர் அனைவரும் கற்றோர். பலர் அவரோடு நாள்தோறும் ஒரே வளாகத்தில் நடந்தோர். கல்வி மருந்து என்போர் இந்த 42 பேருக்கு எந்தக் கல்வி குறைவாயிற்று என்று சொல்லவேண்டும்.

பல்கலைக்கழகத்து யூத வெறுப்புப் பெரும்பாலும் கல்லெறிவதில்லை. அது விண்ணப்பப் படிவம் அச்சிடும், விகிதாசாரம் கணிக்கும், குழு அமைத்து அறிக்கை கேட்கும். 1920 ஆம் ஆண்டில் ஹங்கேரிப் பாராளுமன்றம் நிறைவேற்றிய பல்கலைக்கழக அனுமதிச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அச்சட்டத்தின் வாசகத்திலே 'யூதர்' என்ற சொல்லே கிடையாது. நாட்டிலுள்ள இனங்களும் தேசிய இனங்களும் சனத்தொகையில் எவ்வளவோ, அவ்வளவே பல்கலைக்கழகத்திலும் இருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். கேட்பதற்கு எத்துணை நியாயம்! யூதர் சனத்தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 6. மாணவர் தொகையில் அதனினும் பன்மடங்கு. சட்டம் எவரைத் தேடி வந்தது என்பது அனைவர்க்கும் தெரிந்திருந்தது. அவ்வாறு கதவடைக்கப்பட்ட தலைமுறையிலிருந்து வெளிநாடு சென்று விஞ்ஞானிகளாய்ப் பேர் பெற்றோரைப் பட்டியலிட்டு, ஹங்கேரி எத்தனை மேதைகளை இழந்தது என்று இரங்குவது வழக்கம். எனக்கு இந்த இரக்கம் உவப்பானதன்று. மேதையல்லாத சாதாரண யூத மாணவன் ஒருவன், நடுத்தரப் புள்ளி பெற்று நடுத்தர வக்கீலாக வரவிருந்தவன், அவனுக்கும் அந்தக் கதவு உரியதே. மேதையைக் காட்டி உரிமை கேட்கவேண்டிய நிலையே வெறுப்பின் ஒரு வெற்றிதான்.

இனி ஹார்வார்ட். சர்வாதிகாரமோ வறுமையோ இல்லாத நாட்டில், சுதந்திரத்தின் பெயராற் பேசும் பல்கலைக்கழகம். 1900 ஆம் ஆண்டளவில் அங்கே யூத மாணவர் நூற்றுக்கு 7 பேர். 1922 இல் 21 பேருக்கு மேல். இதனைக் கண்டு கலங்கிய தலைவர் ஏ. லோரன்ஸ் லோவெல் யூத மாணவரை நூற்றுக்கு 15 ஆக மட்டுப்படுத்த விரும்பினார். அதற்கு அவர் கூறிய நியாயம் ஊன்றி நோக்கத்தக்கது. யூதர் தொகை பெருகப் பெருக ஏனைய மாணவரிடையே யூத வெறுப்பும் பெருகுகின்றதாம். ஆகவே யூதர் தொகையைக் குறைப்பது யூத வெறுப்பைக் குறைக்குமாம். அது யூதர்க்கே நன்மையாம்! அடிபட்டவனை வீட்டை விட்டு வெளியேற்றி வீட்டில் அமைதி காக்கும் இந்தத் தருக்கத்தை, ஒரு பெரும் பல்கலைக்கழகத்தின் தலைவர் நாணமின்றி எழுத்தில் வைத்தார். கறுப்பின மாணவரை முதலாண்டு விடுதிகளில் வெள்ளையரோடு தங்கவிடலாகாது என்று தடுத்தவரும் இவரே என்பதையும் உடன் நினைத்தல் தகும். வெறுப்புக்கள் தனித்தனி வீடுகளிற் குடியிருப்பதில்லை.

பேராசிரியர் குழு 1923 இல் வெளிப்படையான விகிதாசாரத்தை நிராகரித்தது. பலரும் அத்துடன் கதையை முடித்து ஹார்வார்டைப் பாராட்டுவர். கதை அங்கேதான் தொடங்குகின்றது. 1922 இன் விண்ணப்பப் படிவத்திலேயே புதிய வினாக்கள் புகுந்துவிட்டன. உமது சமயம் எது? தாயாரின் கன்னிப்பெயர் யாது? பிறந்தபின் உமது பெயரிலோ தந்தையார் பெயரிலோ மாற்றம் ஏதும் செய்யப்பட்டதா, விளக்குக. இக்கடைசி வினா எதனை மோப்பம் பிடிக்கின்றது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1926 முதல் அனுமதித் தொகைக்கு ஆயிரம் என்ற எல்லை வகுக்கப்பட்டது, பரீட்சைப் புள்ளியோடு 'குணநலன்', 'ஆளுமை' என்பனவும் எடைபோடப்பட்டன, புகைப்படமும் கேட்கப்பட்டது. சில ஆண்டுகளுள் யூத மாணவர் தொகை லோவெல் விரும்பிய அளவுக்கு அண்மையில் வந்து நின்றது. எந்தத் தீர்மானமும் நிறைவேறவில்லை. எந்தச் சட்டமும் மீறப்படவில்லை.

இவ்விடத்தில் ஈழத்துத் தமிழ் வாசகர் தம் நினைவைத் தடுத்தல் அரிது. 1970களின் தொடக்கத்தில் நம் நாட்டுப் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலும் விகிதாசார நியாயமே பேசிற்று. ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதிய இரு மாணவர்க்கு, அவர்கள் எழுதிய மொழியை வைத்து, வெவ்வேறு வெட்டுப்புள்ளி வகுத்தது. இரண்டும் ஒன்றே என்று நான் கூறவரவில்லை. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டிலே, பாடசாலை வசதியற்ற பிரதேச மாணவர்க்கு வழிதிறக்கும் உண்மையான தேவையொன்று கலந்திருந்தது. வன்னியும் மட்டக்களப்பும் மலையகமும் அதனால் அடைந்த பயனை மறுப்பது நேர்மையன்று. ஹார்வார்டுக்கு அத்தகைய தேவை எதுவும் இருக்கவில்லை. ஆயினும், படிவமும் வீதக்கணக்கும் ஓர் இனத்தின்மேல் எவ்வாறு பாயக்கூடும் என்பதை நூலிற் படித்தறியவேண்டிய நிலையில் நாம் இல்லை. "நமக்கென்ன?" என்று பிறர் கேட்கலாம்; நாம் கேட்கலாமா?

போலந்தின் கதை இதனினும் நேரடியானது. 1930களில் அந்நாட்டு வளாகங்களில் வலதுசாரி மாணவர் கும்பல்கள் யூத மாணவரைத் தாக்கி, விரிவுரை மண்டபங்களில் அவர்களுக்குத் தனி வாங்கு ஒதுக்கவேண்டுமெனக் கோரின. 1935 இன் இறுதியில் ல்வோவ் பொலிதொழில்நுட்பக் கழகம் இணங்கிற்று. 1937 ஒக்டோபரில் கல்வி அமைச்சு அவ்வாறு பிரித்திருத்தும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கு வழங்கியது. 'அமைதி காப்பதற்காக' என்பதே இங்கும் காரணம். மாணவர் கையேட்டிலே, இன்ன வாங்கில்தான் அமரலாம் என்று முத்திரை குத்தப்பட்டது. யூத மாணவர் பலர் அவ்வாங்குகளில் அமர மறுத்து, விரிவுரை முடியும்வரை சுவரோரமாய் நின்றுகொண்டே குறிப்பெடுத்தனர். மணிக்கணக்காக, நாட்கணக்காக நின்றனர். அவர்களோடு சேர்ந்து நின்ற யூதரல்லாத மாணவரும் ஆசிரியரும் சிலர் இருந்தனர், மிகச் சிலரே. ல்வோவ் பல்கலைக்கழகத் தலைவரும் தாவரவியலாளருமான ஸ்தானிஸ்லாவ் குல்சின்ஸ்கி அக்கட்டளையிற் கையொப்பமிட மறுத்து 1938 சனவரியிற் பதவி துறந்தார். அவர் போனபின் வாங்குகள் வந்தன. அவருடைய செயல் பயனற்றுப் போயிற்று என்பாருமுளர். ஆனால் அமைச்சின் அனுமதியைக் காட்டி 'என் கையில் ஒன்றுமில்லை' என்று ஏனைய தலைவர்கள் கூறிய பொய்யை அவருடைய செயல் அம்பலப்படுத்திற்று. அதிகாரம் அவர்கள் கையிலேதான் கொடுக்கப்பட்டிருந்தது.

இதுவரை கூறியவற்றுக்கு நம் இடதுசாரி நண்பர்கள் மறுப்புச் சொல்லமாட்டார்கள். "ஆம், அது பாசிசம், அது முதலாளித்துவம், முற்போக்காளர் அத்தவறு செய்யார்" என்று தலையசைப்பர். அவர்களுக்காகவே அடுத்த இரண்டு சான்றுகள்.

1968 மார்ச் 8 ஆம் நாள் வார்சோப் பல்கலைக்கழக முற்றத்தில் மாணவர் கூடினர். தேசியக் கவிஞர் மித்ஸ்கியேவிச்சின் நாடகமொன்றை அரசாங்கம் மேடையிலிருந்து இறக்கியதையும், அதனைக் கண்டித்த இரு மாணவர் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டதையும் எதிர்த்தே அக்கூட்டம் நிகழ்ந்தது. அது பொல்லடிகளாற் கலைக்கப்பட்டது. மாணவரின் கோரிக்கைக்கு விடைகூற இயலாத அரசாங்கம், கிளர்ச்சிக்குப் பின்னால் 'சியோனிஸ்டுகள்' இருப்பதாகக் கூறிற்று. பத்திரிகைகள் மாணவர் தலைவர்களின் பெயரை அச்சிட்டன. அவர்களின் பெற்றோர் பெயரையும் அச்சிட்டன. தொழிற்சாலைகளிற் கூட்டங்கள் நடத்தப்பட்டன. சியோனிஸ்டுகள் சியோனுக்கே போகட்டும் என்ற பதாகைகள் தூக்கப்பட்டன. அம்மாத இறுதியில் லெஷெக் கொலக்கோவ்ஸ்கி, சிக்மண்ட் பௌமன் முதலிய பேராசிரியர்கள் வார்சோப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டனர். கொலக்கோவ்ஸ்கி யூதரல்லர் என்பது கவனிக்கத்தக்கது. சிந்திப்பவர் எவரையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கலாம் என்பது அதனால் விளங்கும். பௌமனோ பொதுவுடைமைவாதியாய்ப் போலந்துப் படையில் நாசிகளுக்கு எதிராகப் போரிட்டவர். 'சியோனிஸ்ட்' என்று துரத்தப்பட்ட அவர், பிற்காலத்தில் இஸ்ரேலிய அரசின் போக்கைக் கடுமையாகக் கண்டித்தவர். அடுத்த மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 13,000 யூதர், குடியுரிமை பறிக்கப்பட்டு, வார்சோவின் க்தான்ஸ்கா நிலையத்தில் இரயிலேறினர். அவர்களுட் பலர் தம் வாழ்நாளில் யூதராக வாழ்ந்தறியாதவர். யூதர் என்று பிறர் சொல்லியே தெரிந்துகொண்ட இளைஞரும் இருந்தனர்.

மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் கணித பீடம் 1970களிலும் 80களிலும் செய்தது இன்னும் நுட்பமானது. சோவியத் உள்நாட்டுக் கடவுச்சீட்டின் ஐந்தாம் பத்தியிலே 'தேசிய இனம்' குறிக்கப்பட்டிருக்கும். அங்கே 'யூதர்' என்றிருந்தாலோ, பெயரைக் கேட்க அவ்வாறு தோன்றினாலோ, அம்மாணவர் வாய்மொழிப் பரீட்சையில் வேறாகப் பிரிக்கப்பட்டு வேறு வினாக்கள் கேட்கப்பட்டார். அவ்வினாக்களை மாணவர் 'சவப்பெட்டிகள்' என்றழைத்தனர். விடையைக் காட்டினால் இரண்டே வரி. கண்டுபிடிக்கவோ நாட்கள் வேண்டும். கொடுக்கப்படுவதோ சில நிமிடங்கள். விடை இரண்டு வரியாய் இருந்தமையின், பின்னர் முறையிடவும் வழியில்லை. வினாத்தாள் தயாரிப்பதில் இத்தனை மதிநுட்பத்தைச் செலவிட்டவர்கள் திறமை குறைந்த கணிதவியலாளராய் இருந்திருக்க முடியாது. இதற்கு எதிராக பெல்லா சுபொத்தோவ்ஸ்கயா என்ற பெண்மணி 1978 இல் தம் வீட்டிலேயே வகுப்புத் தொடங்கினார். அனுமதி மறுக்கப்பட்ட மாணவர்க்குத் தேர்ந்த கணிதவியலாளர் அங்கே ஊதியமின்றிக் கற்பித்தனர். இப்பெண்மணி உணவும் சமைத்துப் பரிமாறினார் என்பர். 1982 இல் அவ்வட்டத்தில் இருவர் கைதாயினர், அவரும் விசாரிக்கப்பட்டார், அவ்வாண்டு செப்டெம்பரில் ஓர் இரவு வீதியிலே வாகனம் மோதி இறந்தார். அதன்பின் அவ்வகுப்புக்களும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. நம் நாட்டில் மாற்றுக் கல்வி பற்றிப் பேசுவோர் இப்பெயரை அறிந்திருத்தல் நன்று.

ஆக, யூத வெறுப்புக்கு நிலையான கட்சியில்லை. கிறித்தவத்தின் பெயரால் வந்தது, இனத்தூய்மையின் பெயரால் வந்தது, விகிதாசார நீதியின் பெயரால் வந்தது, ஏகாதிபத்திய எதிர்ப்பின் பெயராலும் வந்தது. இக்கடைசி வழியை நாம் அதிகம் கண்காணித்தல் வேண்டும். ஏனெனில் நாம் நிற்கும் பக்கம் அதுவே.

இன்றைய நிலைக்கு வருவோம். 2023 ஒக்டோபர் 7 இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதன்பின் காசாவில் இஸ்ரேல் நடத்திய போரிற் பல்லாயிரக்கணக்கான பலஸ்தீனர் மடிந்தனர். அப்போரை எதிர்த்து அமெரிக்க மாணவர் எழுந்தமை நேர்மையான செயல். அந்தக் கூடாரங்களில் யூத மாணவரும் இருந்தனர். 2024 ஏப்பிரிலில் கொலம்பியாப் பல்கலைக்கழகப் புற்றரையிலே தம் பாஸ்கா விருந்தையே அவர்கள் கொண்டாடினர். போரெதிர்ப்பை யூத வெறுப்பென்று கூறுவோர்க்கு இதுவே போதிய விடை. எனினும் அதே காலத்தில், அதே வளாகங்களில், வேறொன்றும் நடந்தது. 2023 ஒக்டோபர் இறுதியிற் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், யூத மாணவரைக் கொல்வதாகவும் அவர்கள் உணவருந்தும் மண்டபத்திற் சுடுவதாகவும் எழுதி வெளியிட்டார். 2024 இல் நீதிமன்றம் அவருக்கு 21 மாதச் சிறை விதித்தது. யூதர் கோஷர் உணவு உண்ணும் மண்டபத்துக்கும் காசாவிற் போடப்பட்ட குண்டுக்கும் என்ன தொடர்பு? தொடர்பு இருப்பதாகக் கருதும் மனமே யூத வெறுப்பு.

இதனை இனங்காண நீண்ட வரைவிலக்கணங்கள் வேண்டியதில்லை. இவ்விடயத்தில் ஒரு வரைவிலக்கணப் போரே நடக்கின்றது. 2016 இல் சர்வதேச யூதப் பேரழிவு நினைவுக் கூட்டணி ஏற்ற வரைவிலக்கணம் 11 எடுத்துக்காட்டுக்களைத் தருகின்றது. அவற்றுட் பல இஸ்ரேல் பற்றியன. அதன் மூல வரைவின் முதன்மை ஆசிரியரான கெனத் ஸ்டேர்னே, அதனை வளாகப் பேச்சைக் கட்டுப்படுத்தும் விதியாக்குவதை வெளிப்படையாக எதிர்த்துள்ளார். 2021 இல் வேறு அறிஞர் ஜெருசலேம் பிரகடனம் என மாற்று வரைவொன்றை வெளியிட்டனர். வளாகத்துக்குப் போதிய அளவுகோலாக நான் முன்வைப்பது ஒரு வினாவே. ஏனைய மாணவரிடம் கேட்காத எதனை யூத மாணவரிடம் மட்டும் கேட்கின்றோம்? திரைப்படக் கழகத்தில் சேரவரும் யூத மாணவி, இஸ்ரேலைக் கண்டித்துவிட்டே உள்ளே வரவேண்டும் என்றால் அது போலந்து வாங்கின் மறுபதிப்பு. அவ்வரசைக் கண்டிக்கும் துண்டுப்பிரசுரம் அவள் கண்ணிற் பட்டது, அவள் மனம் நொந்தது என்றால் அது வெறுப்பன்று; பல்கலைக்கழகத்தில் மனம் நோகாதிருக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோடு சில இடங்களில் மங்கலாய் இருக்கலாம். பெரும்பாலான இடங்களில் அது தெளிவாகவே தெரிகின்றது. பார்க்க விருப்பமின்மையே குறை.

அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைமைகள் இவ்வினாவைத் தாமே கேட்கத் தவறின. 2023 டிசெம்பர் 5 இல் ஹார்வார்ட், பென்சில்வேனியா, மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் ஆகிய மூன்றின் தலைவியரும் காங்கிரஸ் குழுமுன் நிறுத்தப்பட்டனர். யூத இனப்படுகொலைக்கு அறைகூவுவது உங்கள் ஒழுக்கவிதிக்கு முரணா என்று வினவப்பட்டபோது, சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்று வக்கீல் மொழியில் விடையளித்தனர். சட்டப்படி அவ்விடை பிழையன்று. ஆயின் வேறு எந்த இனத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அவ்வளவு குளிர்ச்சியோடு விடை வந்திருக்குமா என்ற ஐயம் நியாயமானது. இருவர் ஒரு மாதத்துக்குள் பதவி விலகினர்.

பல்கலைக்கழகம் செய்யத் தவறியதை அரசு தன் கையில் எடுத்தது. முதற் கூற்றின் பகுதி உண்மை என நான் மேலே குறித்தது இதுவே. 2025 மார்ச்சில் கொலம்பியாவின் 40 கோடி டொலர் நிதியை டிரம்ப் அரசாங்கம் நிறுத்தியது. யூலையில் அப்பல்கலைக்கழகம் 22 கோடி டொலருக்கு மேற் செலுத்த உடன்பட்டு இணங்கிற்று. ஏப்பிரிலில் ஹார்வார்டின் 220 கோடி டொலர் முடக்கப்பட்டது. மாணவர் பத்திரிகையிற் கட்டுரையொன்றில் இணைந்து எழுதிய வெளிநாட்டு ஆய்வு மாணவி ஒருவர், முகமூடியணிந்த அதிகாரிகளால் வீதியிற் பிடிக்கப்பட்டுத் தடுத்துவைக்கப்பட்டார். அனைத்தும் யூத மாணவரைக் காக்கும் பெயரால்! புற்றுநோய் ஆராய்ச்சிக்குரிய பணத்தை நிறுத்துவதால் எந்த யூத மாணவரின் அச்சம் தீரும்? லோவெல், யூதர் நன்மைக்கென்று யூதரைக் குறைத்தார். இவர்கள் யூதர் நன்மைக்கென்று பல்கலைக்கழகத்தையே குறைக்கின்றனர். தண்டனை பெற்றவன் அடுத்து எவரை நொந்துகொள்வான் என்பதை அறிய உளவியல் படிக்கவேண்டியதில்லை.

2025 செப்டெம்பரில் ஹார்வார்டின் வழக்கிற் சமஷ்டி நீதிபதி அலிசன் பரோஸ் வழங்கிய தீர்ப்பு இங்கே குறிப்பிடத்தக்கது. யூத வெறுப்பை அரசாங்கம் ஒரு புகைத்திரையாகப் பயன்படுத்திற்று என்றார் அவர். அதே தீர்ப்பில், ஹார்வார்டிலே யூத வெறுப்பு உண்மையாகவே இருந்தது, அதனைப் பல்கலைக்கழகம் இன்னும் நன்றாகக் கையாண்டிருக்க வேண்டும் என்றும் கூறினார். இரு வசனங்களையும் ஒருங்கே சொல்லும் துணிவு நம் விவாதங்களில் அரிது. ஒருசாரார் முதல் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டனர், மறுசாரார் இரண்டாவதை. அதே ஆண்டு ஏப்பிரிலில் ஹார்வார்ட் இரு குழுக்களின் அறிக்கையை ஒரே நாளில் வெளியிட்டிருந்தது: ஒன்று யூத வெறுப்புப் பற்றியது, மற்றையது முஸ்லிம், அரபு, பலஸ்தீன மாணவர்மீதான வெறுப்புப் பற்றியது. இரண்டையும் படித்தோர் மிகச் சிலராகவே இருப்பர் என்று எண்ணுகின்றேன்.

கடைசியாக நம்மவரிடம் வருகின்றேன். நம் வளாகங்களில் யூத மாணவர் என்று எவரையும் காண்பதரிது. லெனாட் வுல்ஃபின் நாவலைப் பாடமாகப் படிப்போருள்ளும், யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியாற்றிய அவர் ஒரு யூதர் என்பதை அறிந்தோர் குறைவு. எனினும் 'யூதன்' என்ற சொல் நம் சிற்றுண்டிச்சாலை மேசைகளிலும் மேடைகளிலும் தாராளமாகப் புழங்குகின்றது. காசு விடயத்திற் கறாரானவன் 'சைலொக்' ஆகின்றான். உலக வங்கிகளையும் பத்திரிகைகளையும் ஒரு யூத இரகசிய சபை ஆட்டுவிக்கின்றது என்பது கற்ற நண்பர் வாயிலும் வருகின்றது. அக்கதையின் மூலம் 1903 இல் உருசியாவில் அச்சான ஒரு போலி ஆவணம். 1864 இல் மூன்றாம் நெப்போலியனை எள்ளி எழுதப்பட்ட, யூதரைப் பற்றிய பேச்சே இல்லாத, பிரெஞ்சு நூலொன்றிலிருந்து பக்கம் பக்கமாகக் களவாடப்பட்டது அது என 1921 இல் இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை நிறுவிக்காட்டிற்று. நூறாண்டுக்கு முன் நிரூபணமான போலி, நமக்கு இன்றும் அரசியல் ஞானமாக இருக்கின்றது.

இதன் மறுபக்கம் புகழ்ச்சி. யூதரைப் பார், எத்துணை ஒற்றுமை, எத்துணை மூளை, எவ்வாறு நாடு கண்டனர், நாமும் அவ்வாறே என்று முழங்கும் தமிழ் மேடைப்பேச்சு நமக்குப் புதிதன்று. இதனை யூதர்மேற் கொண்ட அன்பென மயங்கலாகாது. எல்லா யூதரும் ஒரே மனம், ஒரே இரகசியத் திட்டம், ஒரே பணப்பை என்ற அதே கற்பனைதான் இங்கும். வசை வாழ்த்தாக மாறியிருக்கின்றது, அவ்வளவே. வாழ்த்துபவர் ஏமாற்றமடைந்த மறுநாள் வசை திரும்பிவிடும். உண்மையில் யூதருள் சியோனிசத்தை ஏற்றோரும் மறுத்தோரும், பொதுவுடைமையாளரும் வணிகரும், வைதிகரும் நாத்திகரும் ஒருவரோடொருவர் ஓயாது வாதிட்டே வந்துள்ளனர். தமிழரும் அவ்வாறே, எல்லாத் தமிழரையும் ஒரு இயக்கத்தின் பெயராற் சந்தேகித்தபோது அது அநீதி என்று உலகத்தை நோக்கிக் கூவியவர்கள் நாம்.

"காசா எரிகையில் இதனைப் பேசும் வேளையா?" என்று கேட்கப்படும் என்பதை அறிவேன். வார்சோவிலும் வேளை வேறாகவே இருந்தது. 1967 இன் போர் முடிந்து ஓராண்டும் ஆகவில்லை. அரபு மக்களின் துயரமும் மெய்யே. அந்த மெய்யைப் போர்வையாக்கியே க்தான்ஸ்கா நிலையத்துக்கு இரயில்கள் வந்தன. பலஸ்தீனரின் நியாயம் எவருடைய வெறுப்பையும் கடன்வாங்கவேண்டிய வறுமையில் இல்லை. ஆகவே நமது அடுத்த பலஸ்தீன ஆதரவுக் கூட்டத்துக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதப்படுமானால், 'யூதர்' என்று எழுதிய இடங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் 'இஸ்ரேலிய அரசு' என்றோ, 'நெதன்யாகு அரசாங்கம்' என்றோ, 'இஸ்ரேலியப் படை' என்றோ எழுதவேண்டியவை எத்தனை என்று பாருங்கள். அவ்வாறு மாற்றி எழுத இயலாத வசனம் எஞ்சுமாயின், அச்சகத்துக்குக் கொடுக்குமுன் அதனை அடித்துவிடுங்கள்.